கன்னி மூலையில் நெருப்பு

ஏப்ரல் 28

இன்று காலை ஒன்பது பத்துக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பின், ஏசி ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி இடம் மாற்றிப் போடுவது என்று இவ்வீட்டில் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு: இவரும் நானும். எதிர்ப்பு இல்லை. தீர்மானம் உடனே நிறைவேற்றப்பட்டது. அறை குளிரவில்லை.

ஏப்ரல் 29

அறையில் 31 டிகிரி. இவர் உடம்பில் 99.8. ஈரத்துண்டு ஆறு முறை.

உத்திரமேரூரில் மற்றவர்களுக்கு ஏசி சொகுசு. இவருக்கு அது தோல். நான்கு வருடத்துக்கு முன் பக்கத்து ஊரான பெருநகரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து கழுத்து நரம்பு நசுங்கியது. கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று, கூடவே வியர்வையும். வியர்க்காத உடம்பு அறையின் சூட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும், அறை 28-ஐத் தாண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை மே மாதத்திடமும் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30

மெக்கானிக் ராஜாராம் வந்தார். சமையலறைக்கு வெளியே நிற்கும் வெளி யூனிட்டைத் திறந்து பார்த்தார். பிறகு அதன் பைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். சமையலறை, கூடம், சாமி அறை, கடைசியில் படுக்கையறை. நாற்பத்தைந்து அடி.

"யாருக்கா இப்டி போட்டது? மிசினு ஒரு மூலைல கீது, ரூமு ஒரு மூலைல கீது. கம்ப்ரசரு எவ்ளோ தூரம்தான் தள்ளும்? நாலு வருசம் ஓடினதே பெருசு. செத்துப்போச்சு."

போடச் சொன்னது இவர். பாஸ்கர் மேஸ்திரியாக இவர் முப்பது வருடம் வீடு கட்டியவர். வாஸ்து பார்க்காமல் ஒரு செங்கல் வைத்ததில்லை. வெளி யூனிட் அனல் கக்குகிறது, ஆகவே அது நெருப்பு. நெருப்பின் இடம் தென்கிழக்கு, அக்னி மூலை. குடும்பத் தலைவன் படுக்க வேண்டிய இடம் தென்மேற்கு, கன்னி மூலை. இடையில் நாற்பத்தைந்து அடி சாஸ்திரம்.

"புதுசு வாங்குனா ரூமு செவுத்துக்கு அந்தாண்டயே மாட்டணும்க்கா. இல்லேன்னா நான் கை வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ராஜாராம் போய்விட்டார்.

மே 1

இவர் மறுத்துவிட்டார்.

"கன்னி மூலைல நெருப்ப வெச்சா வூட்டுத் தலைவன் தங்க மாட்டான் குழலி. ஊருக்கே சொன்னவன் நானு."

வைக்காவிட்டாலும் தங்க மாட்டார் என்பது டாக்டர் கட்சி. நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டேன். எதிரெதிர் அலமாரிகள் இவ்வளவு அழகாக ஒத்துப்போய்ப் பார்த்ததில்லை.

மே 3

101.

மே 4

கத்திரி இன்று தொடங்குவதாகக் காலண்டர் அறிவிக்கிறது. நன்றி.

வாடகைக்கு எடுத்த ஏர்கூலர் புழுக்கத்தை வேகமாகச் சுற்றிவிட்டது. மதியம் வேன் பிடித்து, இவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி, காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே 23 டிகிரி. மூன்று மணி நேரத்தில் நாற்பத்தொரு புடவை பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தேன். கரை பட்டை, கரை சிறிசு, மயில் சரியில்லை. கடைசியில் விற்பனைப் பெண் இவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் பாருங்க ஆன்ட்டி, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று நாற்பத்திரண்டாவதைப் பிரித்தாள்.

திரும்பி வரும்போது வேனிலேயே 102.

மே 6

103.4. பேச்சு குழறுகிறது. என்னை அம்மா என்று கூப்பிட்டார்.

ராஜாராமை வரச்சொல்லி மாட்டிவிட்டால் என்ன? இவர் எழுந்து வந்தா தடுக்கப்போகிறார்?

எழுதிவிட்டுப் பார்க்கிறேன். எழுதியது நான்தான். இவரிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு 'வேண்டாம்'. அதையும் பிடுங்கிக்கொண்டால் கட்டிலில் கிடப்பது யார்? ஆனால் அந்த 'வேண்டாம்' இவரைக் கொன்றுவிடுமே — நான் என்னதான் பண்றது? யாரைப் போய்க் கேக்கறது?

"நீயும் உன் மூலையும்! சாவு!" என்று கத்திவிட்டேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார். துண்டைப் பிழிந்து நெற்றியில் போட்டேன். ஐஸ் தீர்ந்துவிட்டது.

மே 7

விடிகாலையில் சூடு கொஞ்சம் இறங்கியது. கண் திறந்து இவர் சொன்ன முதல் வார்த்தை: "முத்துவேலக் கூப்பிடு."

முத்துவேல் மேற்கு வீட்டுக்காரர். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு வெளியே கிடக்கும் நாலடி நிலம் தன்னுடையது என்று பதினோரு வருடமாக வழக்கு நடத்துகிறார். எங்களுடையது என்று நாங்களும் பதினோரு வருடமாக நடத்துகிறோம். ஜன்னி கண்டுவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"ஜன்னி இல்லடி. கேளு. அந்த நாலடி அவன்துன்னு வெச்சுக்கோ. நம்ம கன்னி மூலை முடியிற எடத்துல அவனுக்கு இன்னா மூலை வருது?"

மனதுக்குள் படம் போட்டுப் பார்த்தேன். தென்கிழக்கு.

"அக்னி மூலை. நெருப்பு அவன் எடத்துல, சரியான மூலைல கீது. நமக்கு இன்னா தோசம்?"

மே 8

முத்துவேல் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"நாலடிக்கு என்னப் பதினோரு வருசம் கோர்ட்டு வாசல்ல நிக்கவெச்சுட்டு, இப்ப நீயே தூக்கிக் குடுக்கறியா பாஸ்கரு? இதுல இன்னா சூழ்ச்சி கீது?"

"சூழ்ச்சி பண்ண எனக்குக் கையி கீதா, காலு கீதா?"

முத்துவேல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மிசினு நிக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எடம் என்துன்னு எழுத்துல வேணும்" என்றார்.

மாலைக்குள் வக்கீல் பத்திரம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இவர் கட்டைவிரலைத் தூக்கி மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தியது நான். விரல் கொதித்தது.

மே 9

ராஜாராம் புது மிஷினோடு வந்தார். பைப்பு எட்டு அடி. "இதாங்க்கா வேலை" என்றார்.

மூன்று மணிக்கு அறை 25. ஆறு மணிக்கு இவர் 98.8. ரசம் சாதம் கேட்டார். சமையலறையில் ரசத்துக்குப் பதில் வேறு ஏதோ செய்துகொண்டு அரைமணி நேரம் நின்றேன். முகம் கழுவிக்கொண்டு வந்து ரசம் வைத்தேன்.

ஜூன் 2

முத்துவேல் தன் நாலடியைச் சுற்றி ஆறடிக்குச் சுவர் எழுப்பி, தன் வீட்டுப் பக்கம் இரும்பு கேட் வைத்திருக்கிறார். வெளி யூனிட் அதற்குள் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்கிறார் ராஜாராம். கேட்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறது. சாவி முத்துவேலிடம் இருக்கிறது.