நாற்றங்கால் பச்சை

ஆவணி 18, செவ்வாய்

என்னோடு பாடம் நடத்தும் சேகர் சாரை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

எங்கள் பாலிடெக்னிக்கில் பழைய 8085 சிப்பின் அசெம்பிளி மொழியை இன்னும் நடத்துகிறோம். நிரல் எழுதும் கோட் எடிட்டரில், மற்ற மொழிகளுக்கு வருவதுபோல் அதற்குச் சொல்லுக்கொரு நிறம் வராது. எல்லாம் ஒரே கறுப்பு. பிள்ளைகள் திணறுகிறார்களே என்று நிறம் காட்ட எடிட்டரோடு சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை மாதக்கணக்கில் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு வரிக்குத் தாவச் சொல்லும் கட்டளைகளுக்கு வைத்த பச்சை, எங்கள் கொல்லைப்புறத்து நாற்றங்காலைப் போனில் படம் பிடித்து எடுத்தது.

இன்று லேபில் சேகர் சாரின் திரையில் அச்சு அசல் அதே பச்சை.

"நானும் ஒண்ணு பண்ணிட்டேங்க மேடம். நாளைக்கு பிரின்சிபால்ட்ட காட்டப் போறேன்."

"இந்தப் பச்சை எங்க புடிச்சீங்க சார்?"

"பச்சைன்னா பச்சைதானே மேடம்" என்று சிரித்தார். போன வாரம் புரொஜெக்டருக்கு என்று என் லேப்டாப்பை வாங்கிப் போனவர்.

என்னுடையதில் ஒரு கோளாறு உண்டு. அரைப்புள்ளிக்குப் பிறகு வருவது வெறும் குறிப்பு. அது சாம்பல் நிறமாக வேண்டும். ஆனால் மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாக அரைப்புள்ளி வந்தாலும் மீதி வரி சாம்பலாகிவிடுகிறது. எவ்வளவு முட்டியும் சரியாகவில்லை. காப்பி அடித்திருந்தால் இதுவும் கூடவே போயிருக்கும். அவர் டீ குடிக்கப் போனதும் அவர் கீபோர்டில் அப்படி ஒரு வரி அடித்துப் பார்த்தேன்.

சரியாக வந்தது.

அவரே எழுதியதா? இல்லை, என்னுடையதை எடுத்துத் திருத்திவிட்டாரா? நாளை அவர் பிரின்சிபால் அறைக்குள் போவதற்குள் பிடித்துக் கேட்டுவிட வேண்டும். ஆனால் திருடினீர்களா என்பதற்கு முன்னால், அந்த அரைப்புள்ளியை எப்படிச் சரிசெய்தீர்கள் என்றுதான் வாயில் வரும் போலிருக்கிறது.