பொதுவழியில் நின்றால்

மார்ச் 11, செவ்வாய்

வைற்றிலா சந்திப்பில் இன்றும் நாற்பது நிமிடம். வண்டியின் சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. போன வாரம் வரை சமர்த்தாக நடுவில் நின்ற முள்தான். முன்னால் லாரி நகர்ந்தால் நானும் நாலடி நகர்வேன், முள் ஒரு நூல் இறங்கும். லாரி நின்றால் நானும் நிற்பேன், இரண்டு நூல் ஏறும். சாலையைப் பார்ப்பதா, முள்ளைப் பார்ப்பதா?

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்ட முதல் கேள்வி, வழக்கம்போல, "நின்னுச்சா?"

"இல்ல."

அவர் முகத்தில் சின்ன ஏமாற்றம். காப்பி கூடக் கொடுக்காமல் குளிக்கப் போனேன்.

மார்ச் 12, புதன்

எந்தப் புத்தியில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்? ஐம்பத்து மூன்று வயதில், நாலாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கி, ஆபீசை விட்டுத் துபாய் போன பெண்ணிடம் இந்தக் கத்தரிக்காய் நிற வண்டியை வாங்கிய சந்தோஷம். நீட்டிய இடத்தில் போட்டுவிட்டேன்.

நான் சேட்டன் என்று கூப்பிடும் என் கணவர் மாதவன்குட்டி முப்பத்தொரு வருடம் கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுதாத எதையும் நம்பமாட்டார். முத்திரைத்தாளில் எழுதினார். ஒன்று: வாகனம் தன் கோளாறால் பொதுவழியில் ஒருமுறை நின்றாலும் விற்கப்படும், வத்சலா மீண்டும் பஸ்ஸில் போவாள். இரண்டு: எந்த நேரமும் பரிசோதிக்க அவருக்கு உரிமை உண்டு. மூன்று: பட்டறையில் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் அதுவும் நின்றதாகவே கருதப்படும். சாட்சி, அன்று தேங்காய் பறிக்க வந்த சசி.

இருபத்தாறு வருடம் பஸ்ஸில் ஊராரின் அக்குளுக்குக் கீழே நின்று போய் வந்தவள் நான். திரும்பப் போகமாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மத்தியானம் லீவு போட்டு மெக்கானிக் தங்கப்பனிடம் போனேன். பானெட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"ரேடியேட்டர் ஃபேன் சேச்சி. சூடானா தானா சுத்தணும். இவன் இஷ்டப்பட்டா சுத்துறான். வண்டி ஓடுறப்ப எதிர்க்காத்து போதும். டிராஃபிக் பிளாக்ல நிக்கிறப்பதான் வம்பு."

"எத்தன நாளாகும்?"

"இந்தப் பழைய மாடலுக்கு மோட்டார் கெடைக்கணும். நாலு நாள் வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க."

நாலு நாளா? மூன்றாவது ஷரத்து. முடியாது என்றேன்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. பிளாக்ல மாட்டினா ஏ.சி.ய அணைச்சிட்டு ஹீட்டர முழுசாத் திறந்து விடுங்க. எஞ்சின் சூடு உள்ள வந்துடும், முள் இறங்கிடும்."

"உள்ள யாரு இருப்பா?"

"நீங்கதான்."

மார்ச் 17, திங்கள்

வெளியே முப்பத்தாறு டிகிரி. ஹீட்டரைத் திறந்தேன். முள் இறங்கியது. நான் வெந்தேன். பக்கத்தில் ஆலீஸ். என் மேசைக்கு அடுத்த மேசைக்காரி, தினம் என்னோடு வருகிறவள்.

"சேச்சி, என்ன பாவத்துக்கு இது?"

"வண்டிக்கு ஜுரம். நாம கொஞ்சம் வாங்கிக்கணும்."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். ஆனால் இறங்கவில்லை. பஸ்ஸை அவளும் பார்த்தவள்தான்.

மார்ச் 18, செவ்வாய்

கைக்குட்டை மூன்று.

மார்ச் 27, வியாழன்

இதை எழுதினால் நானே நம்பமாட்டேன். போன ஓணத்திலிருந்து ஆலீசின் வலது கை காதுக்கு மேல் எழும்பியதில்லை. தலை வாரக்கூட மகள் வரவேண்டும். இன்று வைற்றிலாவில் பைக்கில் வந்த ஒருவன் உரசப் பார்த்தான். நான் பிரேக் அடித்தேன். ஆலீஸ் பயத்தில் மேலே கூரையில் கையை ஊன்றிக்கொண்டாள். வலது கையால்.

இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் ஹாரன் அடித்தே மாய்ந்துபோனார்கள்.

"பத்து நாளா வேர்க்குதே சேச்சி. ஆயுர்வேத வைத்தியசாலையில இப்படி வேர்க்க வைக்கத்தானே மரப்பெட்டிக்குள்ள உக்கார வைக்கிறாங்க?"

ஏப்ரல் 3, வியாழன்

ஆலீஸ் வாய் சும்மா இருக்குமா. எங்கள் ஆபீஸ் சூப்ரண்டு குறுப்பு சார் சாயங்காலம் வண்டியருகே நின்றார். கையில் துண்டு, முழங்காலில் தைலம். அவருக்கு வீடு ஆபீசுக்கு எதிரே.

"வைற்றிலா வரைக்கும் வரேன்."

"அங்க என்ன சார் வேலை?"

"ஒண்ணுமில்ல. வேர்த்ததும் இறங்கி பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துடுவேன்."

வந்தார். வேர்த்தார். இறங்கினார். பஸ் ஏறினார்.

ஏப்ரல் 9, புதன்

யாரோ மந்திரி போகிறார் என்று போலீஸ் வழியையெல்லாம் திறந்துவிட்டது. பதினோரு நிமிடத்தில் வைற்றிலா தாண்டினேன். முள் நடுவில். என் வாழ்க்கையில் இப்படி ஓட்டியதில்லை, பாட்டு வராத எனக்குப் பாட்டே வந்தது.

பின்னால் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "ஒரு சொட்டு வேர்க்கல," என்றார் குறுப்பு சார். "நாளையிலேர்ந்து இடப்பள்ளி வழியா போலாமா சேச்சி? அங்க நிச்சயமா பிளாக் இருக்கும்," என்றாள் ஆலீஸ்.

இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஏப்ரல் 16, புதன்

விஷு விடுமுறை முடிந்தது. சேட்டன் வண்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"தைல வாசனை அடிக்குதே. இது காரா, வைத்தியசாலையா?"

"ஆலீசுக்குத் தோள்வலி."

"பின் சீட்ல ஆம்பளத் துண்டு கெடக்கு."

"குறுப்பு சாருக்கு முழங்கால்."

கோர்ட்டில் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். இரண்டாவது ஷரத்தின்படி தினமும் வண்டியிலேயே கூட வந்து பரிசோதனை செய்யப் போவதாக அறிவித்தார். இம்மாதம் 28 முதல். நோட்டீசைக் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. ஹீட்டர் தெரிந்தால் ஃபேன் தெரியும். ஃபேன் தெரிந்தால் வண்டி போச்சு.

ஏப்ரல் 28, திங்கள்

ஃபைலோடு பின் சீட்டில் ஏறினார். இடுப்பு வலிக்காக எங்கு போனாலும் கொண்டுபோகும் ரப்பர் வளையத்தைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அந்த இடுப்புக்குப் பதினாலு நாள் வேர்வைச் சிகிச்சை வேண்டும் என்று வைத்தியர் சொல்லி இரண்டு வருடமாகிறது. அன்னியர் முன்னால் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று இவர் போகவில்லை.

முதல் குறை எழுதினார்: இடது பின் கண்ணாடி கடகடக்கிறது. இரண்டாவது குறை: உள்ளே அளவுக்கு மீறிய வெப்பம்.

"மீனமாசம் போய் மேடமாசம் சேட்டா, வெயில் அப்படித்தான்," என்றேன். இப்போதெல்லாம் காலையிலும் பஸ்ஸில் வந்து வைற்றிலாவுக்கு முன்னால் ஏறிக்கொள்ளும் குறுப்பு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபீஸ் வாசலில் சேட்டன் இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார். நேராக. கல்யாணத்தன்று நின்றது போல. ரப்பர் வளையம் சீட்டிலேயே கிடந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

"பரிசோதனை இன்னும் முடியல," என்று சொல்லி ஏறினார்.

மே 6, செவ்வாய்

ஏழாம் நாள். சட்டை இல்லை. பனியனும் துண்டும். ஃபைல் மட்டும் இருக்கிறது.

"ஜன்னல ஏத்தி விடு வத்சலே, காத்து வருது."

இந்த மனிதரோடுதான் இருபத்தெட்டு வருடம் வாழ்ந்தேனா?

மே 14, புதன்

நின்றுவிட்டது.

பதின்மூன்றாம் நாள். வைற்றிலாவில் ஒரு மணி நேரம் அசையவில்லை. ஃபேன் அடியோடு சுற்றவில்லை போல. ஹீட்டர் முழுக்கத் திறந்தும் முள் ஏறியது, ஏறியது, சிவப்பைத் தொட்டது. நானே அணைப்பதற்குள் எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. பானெட்டிலிருந்து ஆவி. குறுப்பு சார் இறங்கிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் பார்த்தார், ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டேன், இல்லாவிட்டால் வெந்திருக்கும்.

அப்புறம் எனக்கு ஒண்ணும் ஓடல. வண்டிக்குள்ள வந்து ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டு அழுதேன். போச்சு. எல்லாம் போச்சு. திரும்பவும் அந்த பஸ்சு, அந்தக் கம்பி. நாலு தடவ டெஸ்ட் கொடுத்து வாங்கினது இதுக்குத்தானா?

போலீஸ்காரர் வந்தார். "என்னம்மா, வண்டி நின்னு போச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின் கதவு திறந்தது. பனியனும் தோளில் துண்டுமாக, ஊரே பார்க்க, சேட்டன் நடுத்தெருவில் இறங்கினார்.

"நிக்கல. நான் நிறுத்தச் சொன்னேன், இவ நிறுத்தினா."

"நடு ரோட்டிலயா சாரே? எதுக்கு?"

"ஒண்ணுக்கு வந்துது. வயசு அறுபத்திரண்டு."

"அப்ப இந்தப் புகை?"

"அது எனக்குத் தெரியாது. நான் மெக்கானிக் இல்ல."

போலீஸ்காரர் ஆலீசைப் பார்த்தார். ஆலீஸ் வலது கையை உயர்த்தி, "நானும் கேட்டேன் சார், நிறுத்தத்தான் சொன்னாரு," என்றாள். நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரம் தள்ளினார்கள். அதில் ஒருவர் சேட்டன். குனிந்து தள்ளினார்.

மே 15, வியாழன்

அவர் குளிக்கும்போது ஃபைலைத் திறந்தேன். நேற்றைய தேதி, அதே கோர்ட்டுக் கையெழுத்து.

"வாகனம் பயணியின் வேண்டுகோளின்படி நிறுத்தப்பட்டது. கோளாறு ஏதும் காணப்படவில்லை. பரிசோதனை ஒரு நாள் பாக்கி."

மே 17, சனி

தங்கப்பன் மோட்டாரோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். சேட்டன்தான் போய் அழைத்து வந்தாராம். பலாமரத்தடியில் இரண்டு நாள் வேலை.

"இது பட்டறையில் சேராதா?" என்று கேட்டேன். வம்புக்குத்தான்.

"வீட்டு முற்றம் பட்டறை ஆகாது. வேணும்னா தீர்ப்பு இருக்கு, எடுத்துக் காட்டவா?"

வேண்டாம் என்றேன்.

மே 20, செவ்வாய்

ஃபேன் சுற்றுகிறது. வைற்றிலாவில் ஐம்பது நிமிடம், முள் நடுவில். ஹீட்டருக்கு அவசியமே இல்லை. ஆனாலும் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதைத் திறந்தது. பதினாலாம் நாள். நான் ஏ.சி.யை அணைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

கர்க்கடக மாதம் முதல் நாள். விடியற்காலையிலிருந்து மழை. ஊரெல்லாம் இன்று சிகிச்சை தொடங்கும் நாள், நம் வண்டியில் மட்டும் விடுமுறையா என்று ஆலீஸ் போன் செய்துவிட்டாள். எட்டு மணிக்கே கேட்டருகே மூன்று குடை.

சேட்டன் இப்போதெல்லாம் நின்னுச்சா என்று கேட்பதில்லை. "நாளைக்கு எத்தன மணிக்குக் கிளம்புற?" என்றுதான் கேட்கிறார்.

ஆபீசில் எல்லோரும் இறங்கிய பிறகு பின் சீட்டைத் துடைத்தேன். கடகடக்கும் அந்த இடது கண்ணாடி சில நாளாகச் சத்தமே போடவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே கெட்டியாக ஏதோ செருகியிருந்தது. உருவிப் பார்த்தேன். எட்டாக மடித்த முத்திரைத்தாள். ஓரத்தில் தேங்காய் பறிக்கும் சசியின் கையெழுத்து.

இன்னொரு மடிப்பு மடித்து, அதே இடத்தில் அழுத்தி வைத்தேன். மழை உள்ளே வரவில்லை.