நனைந்த மணல் மூட்டைகள்

ஐப்பசி 14, வியாழன்.

எங்கள் கம்பெனியின் புது மின்சார சரக்கு வண்டி நேற்று சிறுமலை ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டது. மோட்டாரை வடிவமைத்த ஸ்டெல்லாவை முதலாளி கடிந்துகொண்டார்; வேறு மோட்டார் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

சோதனைக்கு மணல் மூட்டைகளை எடை போட்டு ஏற்றுவது என் வேலை. எடை போட்டது போன வாரம். அதன்பின் அவை மழையில் நனைந்ததை நான் யோசிக்கவில்லை. இன்று காலை மறுபடி எடை போட்டேன். எல்லா மூட்டைகளின் எடையும் கூடியிருந்தது. வெகுநேரம் தயங்கிவிட்டு ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"ஏன் சார், இம்புட்டுப் பாரத்தோடயா பாதி மலை ஏறுச்சு?" என்று சிரித்தாள்.

மாலையில் சரியான எடையோடு வண்டி உச்சிவரை ஏறியது. நடந்ததை முதலாளியிடம் சொல்லிவிட்டு, திட்டுக்குக் காத்திருந்தேன்.

"சந்தையில காய்கறி மூட்டை காஞ்சா வருது? இனிமே நனைச்சும் ஏத்திப் பாருங்க சார்" என்றார்.

நாளைய சோதனைக்கு இரண்டு மூட்டைகளைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.