அப்பாவின் கிராம்பு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, அல்லது முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கே பாடமா என்று அவருக்குத் திருப்பிப் பாடம் எடுக்கிறாயா? உன் மகள் கடிதம் போட்டிருந்தாள். என் வீட்டில் தங்கிப் படித்த மூன்று வருஷத்தில் ஒரு காபி டம்ளரைக் கழுவி வைக்காதவள், இப்போது எனக்குச் சமையல் குறிப்பு அனுப்புகிறாள்.

ஒரு செய்தி. வேறு யாராவது கண் காது மூக்கு வைத்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு விஸ்கி ஆலைக்குப் போனேன். அங்கே விஸ்கி குடித்தேன். ஒரு ஸ்பூன்தான். உட்கார்ந்துகொண்டு மிச்சத்தையும் படி.

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அந்த ஆலையிலிருந்து ஒரு புகார் வந்தது. புதிதாகக் கலந்த சரக்கில் ஈரமண் வாடை அடிக்கிறதாம், நாங்கள் அனுப்பும் தண்ணீர்தான் காரணமாம். இருபத்தாறு வருஷமாகத் தண்ணீரை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் தண்ணீரைப் பற்றி யாரோ வாய்க்கு வந்தபடி எழுதினால் விடுவேனா? நானே கிளம்பிப் போனேன். எட்டுக் குழாயிலும் பிடித்து மோந்தேன். ஒரு குற்றமும் இல்லை.

"தண்ணிமேல பழி போடாதீங்க, உங்க பீப்பாயைப் பாருங்க" என்றேன். கலவை மேலாளர் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். அவர் சிரித்துக்கொண்டே, "இந்தச் சரக்குக்கு அறுபது பீப்பாய் எடுத்தோம் மேடம். எதைப் பாக்கறது?" என்றார். கிடங்குக்குப் போய் ஒவ்வொன்றாக மூக்கை வைத்துக்கொண்டே நடந்தேன். நாற்பத்தோராவதில் நின்றேன். திறந்து பார்த்தால் பலகைக்கு உள்பக்கம் பூஞ்சை. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார்.

"நல்ல பீப்பாய் எப்படி இருக்கும்னும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்று ஒரு கிளாஸ் கொடுத்தார். முதலில் மூக்கு எரிந்ததுதான் மிச்சம். அப்புறம் அதில் சில சொட்டுத் தண்ணீர் விட்டார். என் தண்ணீர், அக்கா. அடுத்த மூச்சில் எல்லாம் வந்தது. வறுத்த தானியம், ஆப்பிள் தோல், புது மர அலமாரியைத் திறந்தால் வருகிற வாசனை. எல்லாவற்றுக்கும் கடைசியில் கிராம்பு.

கிராம்பு என்றால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான். கிளாஸை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்தது. "அது மரத்துலேர்ந்து வர்றது மேடம், பீப்பாயோட வாசனை" என்றார் சோடாபுட்டி. நான் ஓடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்புடன்,
உன் மூக்கி


பிப்ரவரி 17

மூக்கிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஸ்பூன் என்கிறாய். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி வந்து படுத்தவர்களை முப்பது வருஷம் துடைத்துவிட்டவள் நான். அத்தனை பேரும் ஒரு ஸ்பூனில்தான் ஆரம்பித்தார்கள்.

நீ மறந்துவிட்டாயோ என்று ஞாபகப்படுத்துகிறேன். அப்பா வாய் வாடையை மறைக்கக் கிராம்பு மென்றுகொண்டு வருவார். கேட்டில் நின்று அவர் பையை வாங்குகிற சாக்கில் நான் மோந்து பார்ப்பேன். கிராம்பு வாசனை வந்தால், உனக்குச் சைகையாக என் பின்னலை எடுத்து முன்னால் போடுவேன். ஜன்னலிலிருந்து பார்க்கிற நீ புத்தகத்தோடு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாய். உன்மேல் விழ வேண்டிய அடியும் என்மேல்தான் விழுந்தது. சொல்லிக்காட்ட எழுதவில்லை. ஆனால் என் சமையலறையில் இன்றுவரை கிராம்பு கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

போனது போகட்டும். இனி அந்தச் சாராய ஆலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

அக்கா

பி.கு. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி தலைவைத்துப் படுக்கவில்லை. மூக்கை மட்டும்தான் வைத்தேன்.

கோபப்படாதே. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், நான் ஊர்சுற்றிக்கொண்டிருந்தேன். பதினைந்து நாள் லீவு போட்டு இன்னும் இரண்டு விஸ்கி ஆலைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். சுற்றிக்காட்டுகிற கூட்டத்தில் பெண்கள் எல்லாரும் கணவர்களின் கைப்பையாக வந்திருந்தார்கள். கடையில் ஒரு பாட்டில் எடுத்தேன். "சாருக்கா மேடம்?" என்று கேட்டான் விற்பனையாள். "சார்னு யாரும் கிடையாது. எனக்குத்தான்" என்றேன். அவன் அதைக் கறுப்புப் பையில் சுற்றப் போனான். வேண்டாம் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சரக்கு வடிக்கிற செம்புக் கொப்பரை ஒன்று பார்த்தேன், இரண்டு ஆள் உயரம், கழுத்து வளைந்து மேலே போகிறது. பக்கத்தில் நின்றால் முகத்தில் சூடு அடிக்கிறது. முளைகட்டிய பார்லியைப் புகையில் காயவைக்கிற ஆலையும் பார்த்தேன். அந்த விஸ்கியை முதலில் வாயில் வைத்தபோது டிங்சர் போட்ட புண்ணை நக்கினாற்போல் இருந்தது. உன் வார்டுதான் ஞாபகம் வந்தது. வாங்கி வந்து மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். இப்போது எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பிடிக்காத ஒன்றை, யாரும் வற்புறுத்தாமல், நானாக உட்கார்ந்து பழகி விரும்பினேன் என்பது இந்த வயதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோடாபுட்டி எனக்கு வேலை கொடுத்திருக்கிறார். பீப்பாய்களை மோந்து பார்த்து, எது பக்குவமாயிற்று, எது இன்னும் கிடக்கட்டும் என்று சொல்கிற குழு. பன்னிரண்டு பேரில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாள் ஒருவர், "வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார். "வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன். நான் ஒண்ணும் சொல்லல" என்றேன். பரிசோதனைக் கூடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

வேலையில் மோப்பதும் துப்புவதும்தான். சனிக்கிழமை மட்டும், வேலையெல்லாம் முடித்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, பால்கனியில் ஒரு சின்னக் கிளாஸ். எதிர்வீட்டுக்காரி பார்க்கிறாள். பார்க்கட்டும். நான் ஒளிந்து குடிக்கவில்லை, வாயை மறைக்க எதையும் மெல்லவும் இல்லை.

அன்புடன்,
மூக்கி


மே 21

மூக்கிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வீட்டில் நல்ல காரியம். என் மகளுக்கு, உன் செல்லத்துக்கு, கல்யாணம் முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் முப்பது. மாப்பிள்ளை பாலம் கட்டுகிற எஞ்சினியர், அதிர்ந்து பேசாதவர். அவருடைய அம்மாதான் கொஞ்சம் கறார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் விரலால் தடவிப் பார்த்தார்.

"பொண்ணோட சித்தி என்ன பண்றாங்க?" என்று கேட்டார். சென்ட் கம்பெனியில் மூக்கால் வேலை என்று சொல்லிவிட்டேன். அதுவே வினையாகிவிட்டது. அவருக்கு சென்ட் என்றால் உயிராம். "கல்யாணத்துக்கு வரும்போது உங்க கம்பெனி சென்ட் ரெண்டு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்க" என்கிறார். கடையில் நல்லதாக இரண்டு வாங்கி, அட்டையைக் கிழித்துவிட்டுக் கொண்டுவந்துவிடு. கேட்டால் சென்ட் என்றே சொல்லு. ஒரு நாள்தானே.

உன் செல்லம் மேடையில் ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் சித்தி என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். எனக்காக வேண்டாம், அவளுக்காகச் செய். உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்திக்கு முதலில் சந்தோஷம். கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சமையலறையில் நின்று அழுதேன். அவளுடைய பள்ளிக்கூட நீல ரிப்பன்கூட இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஆனால் சென்ட் என்று சொல்ல மாட்டேன்.

நீ அடிபட்டது எனக்கு மறக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து உன் பாதம் மட்டும் எனக்குத் தெரியும். அது பின்வாங்காது. அதைப் பார்த்துக்கொண்டு புத்தகத்தின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். வெளியே வந்து உன் பக்கத்தில் நிற்காததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம். அதனால்தான் சொல்கிறேன், இனி எதற்கு அடியிலும் போய் நான் படுக்க மாட்டேன்.

அந்த மனுஷர் நம்மிடமிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டார். ஒரு வாசனையைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் செத்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. கிராம்பு இன்னும் அவருடையதாகவே இருக்க வேண்டுமா? பன்னிரண்டு வருஷம் இருட்டில் கிடந்த பீப்பாய்க்குள் அது எனக்காக இருந்தது. நான் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். விடுவதாக இல்லை.

அப்பா குடித்ததைவிட, குடிக்கவில்லை என்று மென்றாரே, அதுதான் எனக்குப் பயம். அக்கா, நீ சொன்ன சென்ட் கம்பெனியும் அந்தக் கிராம்புதான். அவர் மென்றதை இப்போது என்னை மெல்லச் சொல்கிறாய்.

கல்யாணத்துக்கு வருகிறேன். கேட்டால், விஸ்கி ஆலையில் வேலை என்று சொல்வேன். வலியப் போய்ச் சொல்ல மாட்டேன், கேட்டால் மறைக்கவும் மாட்டேன். அது முடியாது என்றால் நான் வரவில்லை. வராமல் இருந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும். வெடிக்கட்டும்.

மூக்கி


ஜூன் 11

அப்படியானால் வராதே.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

அவளுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். புடவையும், நீல ரிப்பனும். சித்தி ஆசீர்வதித்தாள் என்று மட்டும் சொல்லு. வராததற்குக் காய்ச்சல் என்று ஏதாவது கதை கட்டிவிடாதே. எனக்குக் காய்ச்சல் இல்லை.

கல்யாண நேரத்தில் நான் கிடங்கில் இருப்பேன்.

மூக்கி


செப்டம்பர் 2

என் அன்புத் தங்கைக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உன் செல்லம் அந்த நீல ரிப்பனைக் கைக்கடிகாரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் மேடையில் நின்றாள். எடு என்றால் எடுக்கவில்லை. பிடிவாதம் யாரிடம் கற்றது என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு பக்கம் நான் நின்றேன். மறுபக்கம் காலியாக இருந்தது. படம் எடுக்கிறவர் யாரையாவது நிற்கச் சொன்னார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

சம்பந்தியம்மா வந்தார். "சித்தி வரலையா? என் சென்ட் என்னாச்சு?" என்றார். காய்ச்சல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் மூக்கி, அந்த இடத்தில் கிராம்பு மணத்தது. அங்கே ஒரு கிராம்பும் இல்லை. என் வாயிலிருந்துதான் வந்தது.

"அவ சென்ட் கம்பெனியில இல்ல. விஸ்கி ஆலையில இருக்கா. மோந்து பார்த்தே பீப்பாயில என்ன குறைன்னு சொல்லிடுவா. பதினோரு ஆம்பளைங்களுக்கு நடுவுல வேலை. நான்தான் பொய் சொன்னேன், அதனாலதான் அவ வரல" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். உன் செல்லம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். எனக்குக் காலம் போன காலத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

நீ கட்டிலுக்கு அடியில் இருந்ததற்கு வெட்கப்படாதே. உன்னை அங்கே அனுப்பியது நான். அது ஒன்றுதான் அந்த வீட்டில் நான் ஜெயித்தது.

இந்தச் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன் வீட்டுக்கு இல்லை, ஆலைக்கே. குடிக்க மாட்டேன், அந்தப் பேச்சையே எடுக்காதே. கிராம்பு வருகிற கிளாஸை மட்டும் ஒரு தடவை மோந்து பார்க்கிறேன். அது மரம்தானா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

கேட்டில் நிற்பேன். பின்னல் போடுகிற அளவுக்கு இப்போது எனக்கு முடி இல்லை. அதனால் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்காதே. வெளியே வந்து என் பக்கத்தில் நில்.

உன்
அக்கா