குறிப்பேட்டில் நான் இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து கனிஷ்காவின் வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நர்ஸ் வேலைக்கிடையே இணையத்தில் எழுத்துப் பயிற்சி படிக்கிறேன் அல்லவா, அதில் ஒரு கட்டுரை திரும்பி வந்துவிட்டது. கவலை வேண்டாம். அவரவர் வேகத்தில் படிக்கும் படிப்பு, திருத்தி அனுப்பலாம். அருகிலிருந்து கண்ட ஒரு மரணத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். வார்டு குறிப்பேட்டில் எழுதுவதுபோல நேரம், நாடித்துடிப்பு, உறவினருக்குத் தகவல் என்று எழுதியிருந்தேன்.

"இதில் நீங்கள் எங்கே?" என்று ஆசிரியை கேட்டிருந்தார். குறிப்பேட்டில் 'நான்' என்று எழுதுவது எங்களுக்கு வழக்கமில்லை.

இறந்தவர் இங்கே வேலைக்கு வந்திருந்த பெரியநாயக்கன்பாளையத்துக்காரர். கடைசியில், "அம்மணி, ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றார்.

"போலாமுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று அதை எழுதி அனுப்பினேன்.

நீங்களும் இனி 'சுகம்' என்று மட்டும் எழுதாதீர்கள். வலித்தால் வலிக்கிறது என்றே எழுதுங்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது. மேலே 'நான் நலம்' என்று எழுதியதும் குறிப்பேட்டுப் பழக்கம்தான், அம்மா.

உங்கள்
கனிஷ்கா