கேமராவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். இருமல் விட்டுவிட்டது. உங்கள் முழங்கால் வலியைப் பற்றிப் போனில் கேட்டால் மழுப்புவீர்கள். எழுத்தில் பொய் சொல்ல உங்களுக்கு வராது. பதில் எழுதுங்கள்.

பல்கலைக்கழகத்தில் மறுபடியும் அந்தப் பேச்சு. என் இயற்பியல் வகுப்புகள் எல்லாவற்றையும் பதிவு செய்து ஆன்லைனில் நடத்தச் சம்மதமா என்று படிவம் கொடுத்திருக்கிறார்கள். திங்களன்று திருப்பித் தர வேண்டும். சம்மதித்தால் எங்கிருந்தும் பாடம் நடத்தலாம், நீங்கள் வேலை பார்க்கும் ஊரிலிருந்தும்தான். நான்கு வருடமாக நீங்கள் அங்கே, நான் இங்கே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குக் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

துறையில் பாதிப்பேர் மறுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரப் பாடத்துக்குப் பத்து மணி நேரம் தயாரிக்க வேண்டும். ஆனால் வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்க மாட்டார்களாம். பதவி உயர்வுக்கும் உதவாதாம். கைக்குழந்தை வைத்திருக்கும் எதிரறைப் பேராசிரியை மட்டும் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாள். போகப் போகப் பழகிடும் மேடம் என்கிறார் துறைத்தலைவர். அவருக்கு இன்னும் மைக்கைப் போடவே பழகவில்லை.

என் பயம் வேறு. போன வாரம் சோதனைக்காக ஒரு பாடத்தைப் பதிவு செய்தார்கள். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும்போது அதன்மேல் என்ன விசை இருக்கிறது என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல நின்றேன். கடைசி வரிசையில் எவனாவது ‘ஒண்ணுமில்ல’ என்பான். அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டுதான், அப்போதும் பூமி அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று பாடத்துக்குள் போவேன். இருபது வருடப் பழக்கம். அன்றைக்கு எதிரே வெறும் சுவர். நிற்கிறேன், நிற்கிறேன், கடைசியில் விடையை நானே சொல்லி முடித்தேன். நீங்க சும்மா நின்னதையெல்லாம் வெட்டிட்டேன் மேடம், இப்ப ஜோரா இருக்கு என்றார் ஒளிப்பதிவாளர். நான் சும்மாவா நின்றேன்?

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் உங்கள் நாற்காலியும் காலி. உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் நிற்கிறேன். இனி முடியாதுங்க. நீங்கள் இல்லாமல் எனக்கு ஆகவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் நிற்கும் இடங்களை வெட்டக் கூடாது என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். கேமராவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். நான் கேட்டுவிட்டு நிற்கும்போது அதில் உட்கார்ந்து, ‘ஒண்ணுமில்ல’ என்று தப்பாகச் சொல்லுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துகொண்டிருக்கும்,
உங்கள் வாத்தியாரம்மா