மினோபே என்று எழுதிய கேசட்

ஜனவரி 18, சனி

பனி விடவே இல்லை. பட்டறையில் நாள் முழுக்கக் கல்யாண மீன்களுக்குச் செதில் வரைந்தேன். அரைத்த மீனைப் பிசைந்து, பெரிய சிவப்பு மீனாக உருப்பிடித்து, ஆவியில் வேகவைத்து, நாங்கள் உட்கார்ந்து அதன் மேல் கண்ணும் செதிலும் வரைய வேண்டும். தொயாமாவில் இந்த மீன் இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடக்காது. என் மகள் கல்யாணத்துக்கும் என்னைத்தான் வரையச் சொல்வார்கள், கூலியைக் கண்ணில் காட்டமாட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் மகள் நாகிசா, தான் கட்டிக்கொள்ளப்போகிற பையனின் பெயரை ஒருவழியாகச் சொன்னாள். மினோபே ரியோஹெய். தகாவோக்காவில் பூஜை மணியும் வெண்கல விளக்கும் விற்கும் பழைய கடை அவர்களுடையது.

மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த இவர் கையை நிறுத்திவிட்டார்.

"எந்த மினோபே?"

"அந்த ஒரே மினோபேதான்பா. ஊர்ல வேற யாரு இருக்கா?"

முள்ளோடு விழுங்கியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பிரியப்போகிற வருத்தம் என்று நினைத்து, எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது.

ஜனவரி 19

பாசமாவது. மாடி அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி வந்தார், நாகிசா வெளியே போகும்வரை காத்திருந்து. உள்ளே ஒரு பழைய வீடியோ கேம் கேசட். வெள்ளை பிளாஸ்டிக், இப்போது தேநீர் நிறம். பின்பக்கம் மார்க்கர் பேனாவில் பிள்ளை எழுத்து: 'ஆறாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு, மினோபே.'

எங்கள் காலத்தில் எல்லோரும் கேசட் முதுகில் பெயர் எழுதுவோம். எழுதாவிட்டால் இரவல் போனது வீடு திரும்பாது. எழுதினாலும் திரும்பாது என்பதற்கு இதோ சாட்சி.

"நான் அவன்கிட்ட வாங்கலம்மா. கூடப் படிச்ச கிதாதே குடுத்தான். அவனுக்கு வேற எவனோ குடுத்தானாம். அதுக்குள்ள பள்ளிக்கூடம் மாறி ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். அந்த மினோபே மூஞ்சிகூட எனக்குத் தெரியாது."

"இவ்வளவு வருஷமாவா வச்சிருக்கீங்க?"

"தூக்கிப் போட மனசு வரல. பேரு எழுதியிருக்கே."

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. ரியோஹெய்யின் அப்பாவும் எங்கள் வயதுதானாம். இவர் படித்த அதே ஊர், அதே பெயர். வேறு யாராக இருக்க முடியும்?

ஜனவரி 25

நாகிசா முதல் தடவையாக அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"அவரோட அப்பா நல்ல மாதிரிம்மா. பேசவே மாட்டேங்கிறார். அந்த அம்மாதான். நான் ஊத்தின டீயைக் கீழ கொட்டிட்டு அவங்களே மறுபடி ஊத்தினாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. அவங்க யாருக்கும் ஒரு குடைகூட இரவல் தர மாட்டாங்களாம். மழை பெய்ஞ்சா வாசல் வரைக்கும் கொண்டு விடுவாங்களாம், குடை மட்டும் தர மாட்டாங்களாம். ரியோஹெய் சிரிச்சுக்கிட்டே சொல்றார்."

இவர் எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார். அப்புறம் தனியாக இவரிடம் சொன்னேன்: பேசாமல் குப்பையில் போடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது?

"அடுத்தவன் பொருளை வீட்ல வச்சுக்கிட்டு, அவன் வீட்டுக்கே பொண்ணைக் குடுக்கிறதா? ரெண்டு குடும்பமும் உக்காந்து சாப்பிடுற அன்னைக்கு நானே குடுத்து மன்னிப்புக் கேக்கப் போறேன்."

அந்த அம்மாள் முன்னாலா? ஒரு குடை கொடுக்காதவள் முன்னால், உங்கள் பொருளை அமுக்கி வைத்திருந்தேன் என்றா? இந்த மனுஷனுக்கு நேர்மை வருகிற நேரம் பாரேன். என் பெண்ணின் வாழ்க்கை ஒரு பிளாஸ்டிக் துண்டில் தொங்குகிறது, அவளுக்கே அது தெரியாது. சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார்.

பிப்ரவரி 1

இன்னொரு செலவு. கொடுப்பதென்றால் உயிரோடு கொடுக்க வேண்டுமாம். கேசட்டுக்குள் சட்டைப் பொத்தான் போல் ஒரு பேட்டரி இருக்கிறதாம். அது தீராமல் இருந்தால் அந்தப் பையன் விளையாடி வைத்த ஆட்டம் இன்னும் உள்ளே இருக்குமாம். போட்டுப் பார்க்க எங்களிடம் பழைய கேம் பெட்டி இல்லை. இருந்தாலும் இப்போதைய டிவியில் அதைச் சொருக ஓட்டை இல்லை.

அதனால் தபாலில் ஒன்றை வரவழைத்திருக்கிறார். அசல் இல்லை, அதன் டூப்ளிகேட். யார் செய்தது என்று பெயர்கூட இல்லாத கையடக்கப் பெட்டி, அதிலேயே திரை. மேலே பிளவில் கேசட்டைச் சொருகினால் பாதி வெளியே நிற்கிறது, டோஸ்டரில் மாட்டிக்கொண்ட ரொட்டி மாதிரி. அலுமினிய ஜன்னல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற மனிதர் அதைத் தலையணை ஓரம் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

பிப்ரவரி 2

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக் கேசட் அடியில் இருக்கும் உலோகப் பற்களைத் துடைத்தார். சொருகினார். திரை முழுக்கக் கிறுக்கல். எடுத்து ஊதினார், மறுபடி சொருகினார்.

பாட்டு வந்தது.

உயிரோடு இருக்கிறது. சேமித்து வைத்த ஆட்டங்களில் முதல் வரிசையில் ஒரு வீரன். பெயர் கோமா. முப்பத்தோராம் நிலை. நாலு பேர் கொண்ட படை.

"கோமாவா? கோமான்னா எள்ளுதானே? எந்தப் பையன் தனக்கு எள்ளுன்னு பேரு வச்சுப்பான்?"

"பாரு, இன்னும் ஒரு கோட்டைதான் பாக்கி. முடிக்கிற நேரத்துல குடுத்திருக்கான், பாவம்." கண் கலங்கியிருந்தது இவருக்கு. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 8

நான் அணைத்துவிட்டேன்.

இவர் குளிக்கப் போயிருந்தார். சாப்பாட்டு மேஜைமேல் அது பாட்டுப் பாடிக்கொண்டு கிடந்தது. ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கியது. சார்ஜ் தீருகிறதே என்று அணைத்தேன். அவ்வளவுதான். லைட்டை அணைக்கிற மாதிரி, அடுப்பை அணைக்கிற மாதிரி. நான் என்ன கண்டேன்?

துண்டோடு வந்து நின்றார். "ரீசெட்டை அழுத்திக்கிட்டே அணைச்சியா?"

எந்த ரீசெட்?

"பக்கத்துல இருக்கிற சின்னப் பொத்தான். அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே அணைக்கணும். இல்லன்னா உள்ள இருக்கிறது அழிஞ்சாலும் அழிஞ்சிடும். நம்ம வயசுல இது தெரியாதவங்க உண்டா?"

உண்டு. அண்ணன் இல்லாத வீட்டில் வளர்ந்த நான். உங்களை யார் அந்தக் கோட்டைப் பக்கம் உலாவச் சொன்னது? பார்த்தாயிற்று, இருக்கிறது, எடுத்து வைக்க வேண்டியதுதானே? சும்மா ஒரு நடை நடந்து பார்த்தாராம்.

"போட்டுப் பாருங்களேன்."

"பாத்தா தெரிஞ்சிடும்."

பிப்ரவரி 9

இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

பிப்ரவரி 15

நாளை சம்பந்தி வீட்டாரோடு சாப்பாடு. என் நீலக் கிமோனோவைக் காற்றாட விட்டிருக்கிறேன். இவர் கேசட்டைப் பட்டுத் துணியில் சுற்றி, பிரித்து, வேறு துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறார். பெட்டியையும் பையில் வைக்கிறார்.

"அது எதுக்கு?"

"அவர் கேட்டா?"

கேட்டு, போட்டுப் பார்த்து, கோமா இல்லாவிட்டால்? பொருளையும் வைத்திருந்து, உள்ளே இருந்ததையும் அழித்தவர்கள் என்று ஆகிவிடுமே. என் கை செய்த காரியம். நாகிசா குளிக்கும்போது பாடுகிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

உணவகத்தில் தனி அறை. அந்தப் பக்கம் மூவர், இந்தப் பக்கம் மூவர். மினோபேயின் அம்மாள் கறுப்பில், நூல் பிடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பரிசுப் பொருட்களை மாற்றிக்கொண்டோம். சூப் வந்தது. இவர் சூப்பைத் தொடவே இல்லை. திடீரென்று பாயில் பின்னால் நகர்ந்து, நெற்றி தரையில் பட வணங்கி, சம்பந்தி முன்னால் துணி முடிச்சைத் தள்ளினார்.

"ரொம்ப வருஷமா உங்க பொருள் எங்கிட்ட இருக்கு. மன்னிக்கணும்."

நாகிசா என்னைப் பார்த்தாள். நான் சூப்பைப் பார்த்தேன்.

சம்பந்தி பிரித்தார். கேசட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது என்னதுன்னே எனக்குத் தெரியலயே. நான் கானாசாவாக்காரன். என் பிறந்த வீட்டுக் குடும்பப் பேரு ஹாமாதா. கல்யாணத்துக்கு அப்புறம்தான் மினோபே ஆனேன்."

"வீட்டோட மாப்பிள்ளைப்பா," என்று நாகிசா மெதுவாகச் சொன்னாள். "நான் சொல்லலயா?"

சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. நாங்கள் கேசட்டை அவளிடம் மறைத்தோம், அவள் சொல்லவேண்டியது எங்களுக்கு வராமல் போனது. அப்படியானால் ஆறாம் வகுப்பில் மினோபே என்று இருந்தது யார்?

அம்மாள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இங்க குடுங்க."

பின்பக்கத்தைத் திருப்பி அந்த எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"நான் என் வகுப்பு வாதாகிட்டதான் குடுத்தேன். ஒரு வாரம்னு சொன்னா."

"கிதாதே... கிதாதேதான் எனக்குக் குடுத்தான்," என்று இவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"புது வருஷத்துக்குப் பெரியவங்க குடுத்த காசைச் சேத்து வாங்கினது. கடைக்கு வாரிசு, பொம்பளப் பிள்ளை, உனக்கு இதெல்லாம் எதுக்குன்னு எங்கப்பா திட்டுவார்னு மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சு ஆடினேன். காணாமப் போனப்போ யார்கிட்டயும் சொல்லி அழக்கூட முடியல. அதுலேருந்து நான் ஒருத்தருக்கும் எதையும் இரவல் குடுத்ததில்ல." பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "கோமா இருக்கா?"

நான்தான் வாயைத் திறந்தேன்.

"போன வாரம் வரைக்கும் இருந்துச்சு. நான் தெரியாம அணைச்சிட்டேன்."

"ரீசெட்டை அழுத்தாமலா?"

ரியோஹெய் தன் அம்மாவை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இவர் பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார். அம்மாள் அதைக் கையில் வாங்கி, எடை பார்த்து, "டூப்ளிகேட்தானே," என்றார். கறுப்புக் கிமோனோவின் கைமடிப்பை ஒதுக்கிக்கொண்டு கேசட்டை வாயருகில் வைத்து ஊதினார். சொருகினார். கிறுக்கல். எடுத்து மறுபடி ஊதினார்.

பாட்டு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருக்கான்," என்றார் இவர், அழுகிற குரலில்.

இருந்தான். முப்பத்தோராம் நிலை, ஒன்றுகூடக் குறையாமல். அப்பாடா. என் தோள் இரண்டும் அப்போதுதான் இறங்கின, அத்தனை நாளாய் அவை காதுவரை ஏறியிருந்ததே எனக்குத் தெரியாது.

"கோமா எங்க நாய்," என்று அம்மாள் சொன்னார். "ரெண்டாவது நான். மூணாவது என் தங்கச்சி. நாலாவது எங்க கணக்கு வாத்தியார்." பொத்தானைத் தட்டிக் காட்டினார். வாத்தியாருக்குக் கவசம் இல்லை, வாளும் இல்லை, சட்டைகூட இல்லை. படைக்கு முன்னால் அவரைத்தான் நடக்க விட்டிருந்தார். "எல்லா அடியும் அவருக்குத்தான்."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். ரியோஹெய் அந்தச் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சம்பந்தி மட்டும் சூப்பைக் குடித்துக்கொண்டே, "அடி வாங்கினது கணக்கு வாத்தியாரா, நான் இல்லயே," என்றார். அப்புறம் எல்லோருமே சிரித்தோம்.

மீன் வறுவல் வந்தபோது அம்மாள் அணைத்தார். இடது கட்டைவிரல் ரீசெட்டில், வலது விரல் சுவிட்சில். இவர் அணைக்கிற அதே மாதிரி. நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது என்னிடம் வந்தார். "இந்தப் பெட்டியை ஒரு வாரம் இரவல் தருவீங்களா, சம்பந்தியம்மா?"

பிப்ரவரி 23

பெட்டி திரும்பி வந்தது. சரியாக ஒரு வாரம். துடைத்து, சார்ஜ் போட்டு, கூடவே ஒரு டப்பா அரிசி வறுவல். தனக்கென்று ஒன்று வாங்கிவிட்டாராம். நாகிசா சொல்கிறாள்: "கடையில மணி வாங்க வந்தவரை நிக்க வச்சுட்டு, 'ஒரு நிமிஷம், சண்டையில இருக்கேன்'னாங்களாம்மா."

அக்டோபர் 12

கல்யாணம் முடிந்தது. மீனுக்கு நான்தான் செதில் வரைந்தேன். கூலி கிடையாது. ஆனால் ஒரு கண்ணைக்கூட அலுத்து வரையவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

பெண்ணைக் கொடுத்த முதல் வருஷம். குளிர்காலப் புரி மீன் முழுசாக ஒன்றை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். என் இடுப்பு உயரம். இன்று வழக்கப்படி பாதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், தலைப்பக்கம். பெட்டியைத் திறந்தால் ஐஸுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பை, இரண்டு சுற்றுச் சுற்றி. உள்ளே கேசட்.

நாகிசாவைப் போனில் கூப்பிட்டேன்.

"அத்தை கோட்டையை முடிச்சிட்டாங்கம்மா. வாத்தியார் கடைசி வரைக்கும் சட்டை போடல. இரண்டாவது வரிசை காலியாத்தான் இருக்காம், அப்பா அதுல ஆடலாமாம். ஒரு வாரம்தான். திரும்பத் திரும்பச் சொன்னாங்க. ஒரு வாரம்."

இவர் மீனைச் சமையலறைத் தரையில் அப்படியே போட்டுவிட்டுக் கேம் பெட்டியைத் தேடிப் போனார். நான் முள்ளங்கி போட்டுக் குழம்பு வைத்து, சோறு பரிமாறி, மூன்று தடவை கூப்பிட்டாகிவிட்டது.

"அணைச்சிட்டு வாங்க, ஆறிப்போகுது."

"கையெல்லாம் கழுவிட்டேன். நீயே அணைச்சிடேன்."

என்னையா என்று கேட்கவில்லை. ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அணைத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார்.